வெந்நீர் ஆறும்வரை

வெந்நீர் ஆறுவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

இசக்கி பக்கெட்டுக்குள் இடது கையை முழங்கை வரை விட்டாள். ஜெனிட்டாவும் விட்டாள். தண்ணீருக்கு அடியில் இரண்டு மணிக்கட்டுகளிலும் இரண்டு வளையங்கள் ஒளிர்ந்தன. ஒன்று பச்சை. ஒன்று சிவப்பு. வாயில் கவ்வியிருந்த கொண்டை ஊசியை இசக்கி வலது கையில் எடுத்தாள்.

"கையை ஆட்டாதட்டி."

"சுடுது."

"சுடட்டும். ஆறிப்போச்சுன்னா வார்டன் ரூம்ல மணி அடிக்கும். நீ போய் பதில் சொல்லுதியா?"

வளையம் கையில் இருக்கிறதா, கழற்றப்பட்டதா என்பதை உடம்புச் சூட்டை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். சூடு போனால் விளக்கு அணைந்து வார்டனுக்குத் தகவல் போய்விடும். ஆனால் அதற்கு உடம்புக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாது. இதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று பெண்கள் விடுதியில் யாருக்கும் தெரியாது. மெஸ்ஸில் எந்த நாள் சாம்பாரைத் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பதுபோல, சீனியர்கள் இதையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பூட்டின் சிறு துளையில் ஊசி நுழைந்தது. முதலில் ஜெனிட்டாவின் சிவப்பு, பிறகு இசக்கியின் பச்சை. இரண்டும் பக்கெட்டின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. இசக்கி சிவப்பை எடுத்துத் தன் கையில் மாட்டினாள்.

"ஒரு வாரம்தான். உன் வளையலை மஞ்சளுக்கு ஏத்தித் தந்துருதேன். எனக்கு கொஞ்சம் இறங்கினாலும் பச்சையிலதான் நிக்கும். எடுத்து மாட்டு."

"வார்டன்கிட்ட மாட்டிக்கிட்டா ரெண்டு பேருக்கும் ஒரு வருசம் போயிரும் இசக்கி."

"மாட்டாட்டி உனக்கு மட்டும் போவும். எது வசதி?"

ஜெனிட்டா பச்சையை மாட்டிக்கொண்டாள். மனித உடம்பின் சூடு போலவே இருந்தது.

இசக்கி அதற்குள் அதை மறந்துவிட்டு, குளியலறைச் சுவரில் ஊதிப்போயிருந்த சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல இருந்து ஒழுகுதுன்னு போன வருசம் மொட்டை மாடி பூரா தார் அடிச்சாவ. மேல ஒண்ணுமே இல்ல. செவுத்துக்குள்ள குழாய் போவுது, அதுலதான் கசியுது." விரல் கணுவால் தட்டினாள். ஒரு சாண் தள்ளி மறுபடி தட்டினாள். "கேட்டியா? இங்க ஒரு சத்தம், இங்க வேற சத்தம்."

ஜெனிட்டாவுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன.

அதுதான் அவர்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம். இசக்கி களக்காட்டிலிருந்து சிவில் படிக்க வேண்டுமென்றே வந்தவள். பேருந்து பாலத்தில் ஏறினால் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவாள். ஜெனிட்டாவுக்கு சிவில் வாய்த்தது நாசரேத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். ப்ளஸ் டூவில் ரொட்டித் துண்டில் பூஞ்சை வளர்த்து, அதன் நிறம் மாறுவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த பெண் அவள். பயோடெக் என்று சொல்லத்தான் நினைத்தாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த அண்ணாச்சி, "சிவில்னா கவர்மெண்ட் வேலை பாப்பா," என்றார். அப்பா தலையாட்டினார். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி பட்டனைத் தட்டிவிட்டார்.

அவளைப் போன்றவர்களுக்காகத்தான் வளையமே வந்தது என்று சேர்க்கை நாளில் சொன்னார்கள். உடம்பை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு மனத்தை வேறெங்கோ அனுப்புகிறவர்களைக் கண்டுபிடித்து உதவும் கருவி. வருகைப் பதிவேடு இனி இல்லை. மனம் பாடத்தின் பக்கம் சாய்ந்தால் மட்டும் வருகை. அதற்கு முனைப்பு என்று பெயர். முனைப்பு கூடினால் பச்சை, நடுவில் மஞ்சள், குறைந்தால் சிவப்பு. முதல் ஆண்டுக்கு மட்டும் விலக்கு; அதன் பிறகு பருவத்தின் முடிவில் சிவப்பில் நிற்பவர்கள் அந்த ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். வகுப்பில் நிறப்படி இருக்கை. பச்சை முன்னால், மஞ்சள் நடுவில், சிவப்பு கடைசியில். ஆசிரியரின் மேசைத் திரையில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு பெயரும் ஒரு நிறமும் தெரியும். இந்த மூன்றாம் பருவத்தில் வந்த ஆசிரியர்கள் எல்லாரும் புதியவர்கள். வகுப்பில் நூற்றுக்கு மேல் பிள்ளைகள். திரையிலிருந்து தலையைத் தூக்கி யாருடைய முகத்தையும் அவர்கள் மனப்பாடம் செய்யவில்லை.

சிவப்பு வளையத்தோடு முதல் வருடம் முழுக்கக் கடைசி வரிசையில் இருந்த ஜெனிட்டாவுக்கு, முன்வரிசையின் மின்விசிறிக் காற்றே புதிதாக இருந்தது.

கான்கிரீட் பாடம் எடுத்தவர் மரியசெல்வம் சார். திரையைப் பார்த்தபடியே கேட்டார். "இசக்கியம்மாள், நீ சொல்லும்மா. தண்ணி கூடினா கலவை நல்லா வழுக்கிட்டுப் போகும், வேலை சுளுவு. அப்புறம் ஏன் கூட்டக்கூடாதுங்கோம்?"

ஜெனிட்டா எழுந்தாள். கடைசி வரிசையில் அவளிடம் யாரும் கேள்வி கேட்டதே இல்லை. "தெரியலை சார்," என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அது இசக்கி சொல்லக்கூடிய பதில் இல்லை. இசக்கியின் பெயரில் அப்படிச் சொல்ல முடியாது.

"தண்ணி… அப்புறம் எங்கயாவது போகணும்லா சார். போன இடம் ஓட்டையா நிக்கும்."

சார் தலையைத் தூக்காமல் சிரித்தார். "அதைத்தான் புத்தகத்துல ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கான். உட்காரு."

உட்கார்ந்ததும் வளையத்தைப் பார்த்தாள். மணிக்கட்டில் பச்சை அப்படியே இருந்தது. தப்பாகச் சொன்னால் இசக்கியின் பெயர்தான் கெடும். அவளுக்கு ஒன்றும் ஆகாது. இந்த நினைப்பு வெட்கமாக இருந்தாலும், அதனால் தோள்களிலிருந்து ஏதோ இறங்கியதும் உண்மை. அன்று பாடம் முழுவதையும் அவள் கேட்டாள். கேட்க வேண்டுமென்று முயலாமலேயே கேட்டாள்.

ஒரு வாரத்தில் இசக்கி சிவப்பை மஞ்சளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டாள்.

"இன்னும் ஒரு வாரம் போட்டா தாண்டிரும்," என்றாள்.

அடுத்த வாரம் தாண்டவில்லை. அதற்கடுத்த வாரம் கொஞ்சம் இறங்கியது. "வளையல்ல கோளாறு போல," என்றாள் இசக்கி. "கடைசி வரிசையில ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. பலகையும் தெரியலை. இன்னும் ஒரு வாரம் பாப்போம்."

ஜெனிட்டா சரி என்றாள். திருப்பித் தந்துவிடு என்று அவள் கேட்கவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் பச்சைகளுக்குத்தான் முதலில் இடம். சிவப்புகள் சுவரோரம் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜெனிட்டா கலவையை அச்சுக்கூம்பில் அடைத்து, மெல்லத் தூக்கி, அது எவ்வளவு சரிகிறது என்று அளந்தாள். சரிந்த கலவையின் வழவழப்பு அவளுக்குப் பிடித்துப்போனது. கனசதுர அச்சுகளில் கான்கிரீட் நிரப்பினாள். ஈரமாக இருக்கும்போதே ஆணியால் பெயர் கீற வேண்டும். இசக்கி என்று கீறினாள். அவை தண்ணீர்த் தொட்டிக்குள் இறுகுவதற்காகப் போயின. சுவரோரத்தில் இசக்கி நின்றிருந்தாள். முதல் வருடத்தில் கலவையைக் கையால் பிசைந்தே தண்ணீர் போதும் போதாது என்று சொன்னவள், இப்போது யாரோ விட்டுப்போன சிமெண்டுத் தூளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வகுப்புப் பெண்களுக்கு விஷயம் தெரியும். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. பக்கத்து அறை ஷர்மிளா பானு மட்டும் மெஸ் வரிசையில் கிண்டலடித்தாள். "ஏ பச்சை இசக்கி, உன் சிவப்பு ஜெனிட்டா எங்க? ஒறக்கமா?"

உறக்கம்தான். இசக்கி நிறைய உறங்கத் தொடங்கியிருந்தாள். ஜெனிட்டா தட்டில் இட்லியை வாங்கிக்கொண்டு போய் எழுப்பினாள்.

"தூண்ல கம்பி எதுக்கு இப்படிச் சுத்துதாவன்னு சார் நேத்து கேட்டாரு. எனக்கு சரியா சொல்ல வரலை. நீ சொல்லேன்."

"எனக்கு என்னட்டி தெரியும்?"

"உனக்கா தெரியாது?"

"நான் அன்னிக்கு கை தூக்கி ஒண்ணு கேட்டேன்லா. சார் ஸ்கிரீனைப் பாத்தாரு. 'ஜெனிட்டா, அதெல்லாம் அப்புறம், முதல்ல உள்ளத படி'ன்னாரு. நான் தப்பாத்தான் கேட்டுருப்பேன் போல." இட்லியைப் பிட்டாள், சாப்பிடவில்லை. "இதெல்லாம் எனக்கு வரும்னு எப்படி நெனச்சேன்னே தெரியலை."

அவள் சுவர்களைத் தட்டி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் ஜெனிட்டா யோசித்தாள். யோசித்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள். போகும்போது வேகமாகத்தான் போனாள். அது அவளுக்கே கசந்தது.

பருவம் முடியும் நேரத்தில் ஜெனிட்டாவின் பெயருக்கு அழைப்பு வந்தது. முனைப்பு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். அறை வாசலில் வளையத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். எனவே காலையில் வெந்நீர் பிடித்து இருவரும் அவரவர் வளையத்துக்குத் திரும்பினார்கள். பச்சையைக் கையில் வாங்கியதும் இசக்கி அதைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள், எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டவள் மாதிரி.

சிவப்போடு ஜெனிட்டா நடைக்கூடத்தில் நடந்தாள். எதிரே மரியசெல்வம் சார் வந்தார். முந்தின நாள்தான் அவளுடைய வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டியவர். அவளையறியாமல் சிரித்துவிட்டாள். "குட் மார்னிங் சார்."

அவர் பார்வை முதலில் மணிக்கட்டுக்குப் போனது. பிறகு அவளைத் தாண்டிப் போனது. கடுமையாக ஒன்றும் இல்லை. காலியான ஒரு நாற்காலியைத் தாண்டிப் போவதுபோல.

ஆலோசகர் வேதவல்லி மேடம் நீளக்கை ரவிக்கை அணிந்திருந்தார். பேச்சில் வெளியூர் வாடை. மேசையில் ஆறிப்போன காபி.

"உட்காரும்மா. பயப்படாதே. திட்டக் கூப்பிடலை." திரையை அவள் பக்கம் திருப்பினார். கோடு ஒன்று ஏறி இறங்கிக் கிடந்தது. "இது உன்னோடது. முதல் வருஷம் பூரா கீழேயே இருக்கு. இந்தப் பருவத்துல இந்த ஒரு வாரம் மட்டும் நல்லா ஏறியிருக்கு பாரு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சரிஞ்சு, முன்னால இருந்ததைவிடக் கீழ போயிடுச்சு. அந்த வாரம் என்ன நடந்துச்சு?"

அந்த வாரம் இசக்கி. அதற்குப் பிறகும் இசக்கிதான். ஜெனிட்டா கோட்டைப் பார்த்தாள். இந்தப் பருவம் முழுவதும் இசக்கி.

"தெரியலை மேடம்."

"எல்லார் கோடும் இப்படித்தான் இறங்குது. கடைசி வரிசைக்குப் போனா இறங்கும்."

"யாரா இருந்தாலுமா மேடம்?"

"யாரா இருந்தாலும். நல்லாப் படிச்ச பிள்ளைங்களும் வந்து இதே நாற்காலியில உட்கார்ந்து, 'எனக்கு இது வராது மேடம்'னு அழுதிருக்காங்க." காபியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "முதல்ல இதுல விளக்கே கிடையாது. ரத்த ஓட்டம், தோலோட ஈரம், இதை அளந்து எங்களுக்கு மட்டும் சொல்லும். யாருக்கு எந்தப் படிப்பு ஒத்துவரலைன்னு பார்த்து மாத்திவிடத்தான் செஞ்சாங்க. பெத்தவங்க எங்க கண்ணுக்கும் தெரியணும்னாங்க. விளக்கு வந்துச்சு. அப்புறம் இருக்கை வந்துச்சு. அளக்கிற சாமான் பேச ஆரம்பிச்சுட்டா, அதுக்கப்புறம் அது பிள்ளையை அளக்குதா, தன் பேச்சையே அளக்குதான்னு யாரு சொல்ல முடியும்? எழுதிக் கொடுத்தேன். பார்க்கிறோம்னாங்க."

காபியை நகர்த்தும்போது அவருடைய ரவிக்கைக் கை கொஞ்சம் மேலேறியது. உள்ளே ஒரு வளையம் மங்கலாகச் சிவந்து தெரிந்தது. மேடம் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பயோடெக்ல ஒரு இடம் காலியாகியிருக்கு. நீ முதல் வருஷத்துல கேட்டு எழுதியிருக்கே. இந்தக் கோடு போதும், மாத்திடலாம். புது வளையம் தருவாங்க, மஞ்சள்ல இருந்து ஆரம்பிக்கும். நாளைக்குக் காலையில ஆபீஸ்ல வளையத்தைக் காட்டிச் சரின்னு சொல்லிடு. இல்லைன்னா இந்த வருஷத்தைத் திரும்பப் படிக்கணும்."

ஒன்றரை வருடமாக அவள் ஜெபித்துக்கொண்டிருந்தது அதுதான். ஆனால் அறையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்கு முதலில் நினைவு வந்தது தொட்டிக்குள் கிடக்கும் கனசதுரங்கள். நாளை அவற்றை இயந்திரத்தில் வைத்து நொறுக்கிப் பார்க்கும் நாள். எவ்வளவு தாங்கும் என்று அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவற்றில் கீறியிருந்தது அவள் பெயர் இல்லை.

விடுதி அறையில் இசக்கி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். இறங்கிய கோட்டைப் பற்றி ஜெனிட்டா சொன்னபோது, மேடம் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள்.

"உனக்கு வராம இல்ல இசக்கி. அந்த வரிசை அப்படி. யாரு இருந்தாலும் இறங்குமாம்."

"சும்மா சொல்லுதாவ."

"அப்ப நான் மட்டும் எப்படி பச்சையில நின்னேன்? சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதே. முன்னால உக்கார வச்சு, நீ சொல்லும்மா நீ சொல்லும்மான்னாங்க. தெரிஞ்சு போச்சு."

இசக்கி நகத்தைக் கடித்தாள். பிறகு, தண்ணீர் குடிக்கக் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள். "பயோடெக்குக்கு நான் போகட்டா?"

"என்னது?"

"நாளைக்கு மாத்திருவோம். நீ பச்சையையே வச்சுக்கோ. நான் ஜெனிட்டாவா போயிருதேன்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? உனக்கு அங்க என்ன பிடிக்கும்?"

"பிடிக்குதோ பிடிக்கலையோ. மஞ்சள் தருவாவல்லா."

"உன் வளையல்தான் இப்ப உன் கையில இருக்கே. பச்சை. நாளைக்கே முன்வரிசையில போய் உக்காரு."

"நான் உக்காந்தா அது செவந்துரும்." துப்பட்டாவுக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவே இல்லை. "நீதான் அதைக் காப்பாத்தி வச்சிருக்க. உனக்கு எல்லாம் வருது. நான் பாத்தேன்லா, நீ கூம்பைத் தூக்கினத. ஆடாம தூக்கின."

"சர்டிபிகேட்ல ஜெனிட்டான்னு வரும் உனக்கு. உங்க அம்மாகிட்ட என்ன சொல்லுவ?"

"வரட்டும். இந்த செமஸ்டர் பூரா ஒருத்தரும் என்னைய என் பேரச் சொல்லிக் கூப்பிடலை. பழகிட்டு."

ஜெனிட்டா உடனே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. முன்வரிசையையும் தலையைத் தூக்காத அந்தச் சிரிப்பையும் ஈரக் கான்கிரீட்டையும் நினைத்தாள். எல்லாம் அவளுக்கே கிடைக்கும். வேண்டியதெல்லாம் ஒரு 'சரி' மட்டும்தான். அதுவும் இசக்கியே கேட்டது. தன் கையிலிருந்த சிவப்பைப் பார்த்தாள். இதைப் போட்டு அரை நாள்கூட ஆகவில்லை, அதற்குள் முதுகு வளைந்திருந்தது. இதை இசக்கி ஒரு பருவம் முழுக்கப் போட்டிருந்தாள். சிவில் தனக்கு உண்மையிலேயே பிடிக்கிறதா, பச்சைதான் பிடிக்கிறதா, பூஞ்சைகள் இன்னும் பிடிக்குமா, ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் களைப்பாக இருந்தது.

"காலையில பாப்போம்," என்றாள்.

காலையில் இசக்கியே வெந்நீர் பிடித்துவைத்திருந்தாள். கதவைத் தாழிட்டுவிட்டு இருவரும் பக்கெட்டுக்கு இரு பக்கமும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். ஊசி நுழைந்தது. பச்சையும் சிவப்பும் அடியில் போய்ப் படுத்தன. இசக்கி சிவப்பை எடுக்கக் கையை விட்டாள்.

ஜெனிட்டா அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள். இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"விடுட்டி. ஆறிரும்."

"ஆறட்டும்."

"மணி அடிக்கும்!"

"அடிக்கட்டும். வார்டன் வருவாங்க. நான் சொல்லிக்கிடுதேன். மேடத்துகிட்ட அந்தக் கோடு யாரோடதுன்னும் சொல்லுதேன். ரெண்டு கோடு, ரெண்டு பேரு. பேரை மாத்திப் போட்டுப் பாத்தாத்தான, கோட்டை இறக்குதது வரிசைதான்னு அவங்களுக்கு விளங்கும்."

"ஒரு வருசம் போயிரும் ரெண்டு பேருக்கும்."

"போகட்டும்."

"உங்க அப்பா…"

"தெரியும்."

இசக்கி கையை உருவப் பார்த்தாள். ஜெனிட்டா விடவில்லை. கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு இசக்கி அழுதாள். வெந்நீரின் ஆவி மெலிந்துகொண்டே வந்தது. தண்ணீர் ஆறுவதற்கு இவ்வளவு நேரமாகும் என்று இருவருக்கும் தெரியாது. அவர்கள் எப்போதும் அவசரமாகவே மாற்றியிருந்தார்கள். முதலில் சிவப்பு மங்கியது. பிறகு பச்சை. கடைசியில் பக்கெட்டின் அடியில் இரண்டு சாம்பல் நிற வளையங்கள் கிடந்தன. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை.

கீழ்த்தளத்தில் மணி அடிக்கத் தொடங்கியது.

ஜெனிட்டா ஒரு கையை மட்டும் விடுவித்து, பின்னாலிருந்த சுவரைத் தட்டினாள். தள்ளி இன்னொரு இடத்தில் தட்டினாள். இரண்டு சத்தங்கள் வேறு வேறாகக் கேட்டன.

"இசக்கி, இங்கதான கசியுது?"

பதில் இல்லை.

"குழாய் இங்க வந்து திரும்புது, அப்படித்தான? இந்த இடத்தை உடைச்சா போதும்."

இசக்கி மூக்கை உறிஞ்சினாள். சுவரைப் பார்த்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

"அங்க இல்லட்டி, கூறுகெட்டவளே," என்றாள் இசக்கி. எழுந்து, ஈரக் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு, ஜெனிட்டா தட்டிய இடத்துக்கு ஒரு சாண் கீழே தட்டினாள். தலையைச் சாய்த்தாள். மறுபடி தட்டினாள்.

வெளியே யாரோ கதவை இடித்தார்கள். "யாரு உள்ள? கதவைத் தொறங்க!"

இசக்கி சுவரில் காதை வைத்திருந்தாள்.

"பொறுங்க," என்றாள்.